ரெண்டு செல் குறைச்சா போதுமா?

கோயம்புத்தூரில் எம்.இ. படிக்கும் அக்கா பையன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, குவாண்டம் டாட்ல ஃபுல் ஆடர் போட்டிருக்கேன். போன வருஷ பேப்பரை விட ரெண்டு செல் கம்மி!" நான் நொய்டாவில் சிப் டிசைனில் குப்பை கொட்டுபவன் ஆச்சே, அதனால் முதல் போன் எனக்கு. பாராட்டினேன். ஆனால் மனசு ஒட்டவில்லை.

விஷயம் இதுதான். ஒரு சதுரச் செல், மூலைக்கு ஒன்றாக நாலு டாட், உள்ளே ரெண்டு எலெக்ட்ரான். ஒன்றையொன்று விலக்குவதால் எதிரெதிர் மூலைகளில் போய் உட்காரும். ஒரு மூலைவிட்டம் 0, மற்றது 1. செல்லுக்குச் செல் கரண்ட் ஓடாமலே சேதி போகும். 1993-ல் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் லென்ட் குழு முன்வைத்த யோசனை இது.

இதன் ஆதார கேட் மெஜாரிட்டி கேட். கூட்டல் குறி மாதிரி அஞ்சு செல்: மூணு உள்ளீடு, நடுவே ஒன்று, ஒரு வெளியீடு. மூவரில் இருவர் சொன்னதே தீர்ப்பு. ஒரு உள்ளீட்டை 0-ல் கட்டிப் போட்டால் ஆண்ட் கேட், 1-ல் கட்டினால் ஆர் கேட். அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் பையன்கள் வரையும் க்யூசிஏ டிசைனர் மென்பொருளில் கொஹீரன்ஸ் வெக்டர் முறையைத் திறந்து பாருங்கள். வெப்பநிலை 1 கெல்வின் என்று இருக்கும். அதாவது மைனஸ் 272 டிகிரி! 1999-ல் நோட்டர்டாமில் நிஜமாகவே செய்து காட்டிய கேட் அதைவிடக் குளிரில்தான் ஓடியது. செல் பெரிதானால் விலக்கு விசையின் ஆற்றல் குறையும், சாதாரண அறைச் சூடே எலெக்ட்ரானைக் கலைத்து விடும். மூலக்கூறு, அணு அளவுக்குச் சிறுத்தால்தான் தாங்கும். 2018-ல் அல்பெர்ட்டா பல்கலைக்கழகக் குழு சிலிக்கான் பரப்பில் அணு அளவில் ஆர் கேட் செய்தது. அதுவும் கடுங்குளிரில்தான்.

அவ்வளவு சின்னதில் ஒரு செல் லேசாக நகர்ந்தாலே விடை மாறலாம். செல்லை எண்ணிக் குறைப்பது சுலபம். கஷ்டம் இங்கேதான் இருக்கிறது.

"டேய், ஒரு செல்லை எடுத்துட்டுப் பாரு. ஒண்ணை நகர்த்திப் பாரு. சூட்டை ஏத்திப் பாரு. எப்போ உன் கேட் தப்பா சொல்லுதுன்னு எழுது. அதுக்காக ரெண்டு செல் கூடினாலும் பரவாயில்லை" என்றேன்.

"கைடு ஒத்துக்கணுமே மாமா" என்றான்.

அதுதானே பிரச்சினை! தோற்கும் இடத்தைக் கண்டுபிடித்தவனுக்கும் மார்க் போடும் கைடுகள் நமக்கு வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வந்து நின்றால், எத்தனை செல் என்று கேட்காதீர்கள். எத்தனை டிகிரியில் ஓடும் என்று கேளுங்கள்.