கஞ்சாவுக்குக் கேட்கும் காப்பீடு அம்மோனியாவுக்கு வேண்டாமா?

வடசென்னையில் தொழில் நடத்துவோர் தலையில் காப்பீட்டுச் சுமையை ஏற்றாதீர்கள் என்று சென்ற இதழில் ஒரு நண்பர் கண்ணீர் வடித்திருந்தார். துணைக்கு அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சா விற்பவர்களையும் அழைத்து வந்திருந்தார். பாலிசி காட்டு, பாலிசி காட்டு என்று அரசு அவர்களை நெருக்குகிறதாம். அந்தக் கதி நம்மூர் முதலாளிக்கும் வரவேண்டுமா என்கிறார்.

வரட்டுமே! கலிபோர்னியாவில் கஞ்சாவை மொத்தமாக விநியோகிக்க உரிமம் வேண்டுமென்றால், ஒரு இழப்புக்குக் குறைந்தது 10 லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். இங்கே 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அதன் விதிப்படி, 2023 டிசம்பரில், ஒரு விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் தரவேண்டிய உச்சவரம்பு 5 கோடி ரூபாய். அன்றைய மதிப்பில் சுமார் 6 லட்சம் டாலர். அங்கே கஞ்சாவுக்குக் கேட்கும் குறைந்தபட்சத்தை இங்கே விஷவாயுவுக்கு அன்று வைத்திருந்த அதிகபட்சம் எட்டவில்லை. இதைத்தான் சுமை என்கிறார் நண்பர்.

அந்தச் சட்டத்தின் அட்டவணையை அவர் ஒருமுறை புரட்டியிருக்கலாம். 2024 வரை, உயிர் போனால் 25,000 ரூபாய். மருத்துவச் செலவுக்கு 12,500 வரை. சொத்து சேதத்துக்கு 6,000 வரை. வேலைக்குப் போகமுடியாமல் படுத்தால் மாதம் 1,000, அதுவும் மூன்றே மாதம். அதற்கும் மூன்று நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க வேண்டும். போபால் விஷவாயுக் கசிவைப் பார்த்துவிட்டு எழுதிய சட்டம் இது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொகை நகரவே இல்லை. 2024-இல்தான் உயர்த்தினார்கள். காசிமேட்டில் ஒரு வலையின் விலையை விசாரித்துவிட்டு வந்து அந்த 6,000-ஐ அவர் நியாயப்படுத்தட்டும், கேட்கிறேன்.

லேத் பட்டறைக்காரன் அழிந்துபோவான் என்பது அவருடைய அடுத்த ஒப்பாரி. பட்டறைக்காரனை இந்தச் சட்டம் தொடுவதே இல்லை. அறிவிக்கப்பட்ட அபாயப் பொருளை, அறிவிக்கப்பட்ட அளவுக்கு மேல் கையாள்பவருக்குத்தான் இது. ஏழையை முன்னால் நிறுத்தி எண்ணெய்க் கிடங்குக்கு வக்காலத்து வாங்குவது பழைய வித்தை.

காப்பீட்டுக்குக் கட்டும் பணத்தைப் பாதுகாப்புக்குச் செலவிடலாமே என்றும் யோசனை சொல்கிறார். ஆஹா. மணலியில் ஒரு சரக்குப்பெட்டக முனையத்தில் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 2015 முதல் கிடந்தது. 2020 ஆகஸ்டில் இதே பொருளால் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான் அதைக் கண்டெய்னர்களில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். தானாக வரும் அக்கறையின் லட்சணம் இதுதான். காப்பீடு கொடுப்பவனுக்குப் பொதுநல அக்கறை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் பணம் போய்விடுமே என்ற பயம் உண்டு. தொகை பெரிதாக இருந்தால் குழாயின் வயதைக் கேட்பான், வால்வைப் பார்க்க ஆள் அனுப்புவான். அன்றைய 5 கோடிக்கு எவன் மெனக்கெட்டிருப்பான்?

நீதிமன்றம் இருக்கிறதே என்கிறார் கடைசியாக. இருக்கிறது. தண்டையார்பேட்டை டி.எச். ரோடு பக்கம் 2013-இல் எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வந்தது. வாளியில் தண்ணீர் இறைத்து, மேலே மிதக்கும் படலத்தை அதிகாரிகளிடம் காட்டிய பெண்களுக்கு, பசுமைத் தீர்ப்பாயத்தின் வாய்தா தேதியா வேண்டியிருந்தது? மறுநாள் லாரித் தண்ணீருக்குக் காசு வேண்டியிருந்தது. தவறு யாருடையது என்று நிரூபிக்கச் சொல்லாமல் நிவாரணம் கொடு என்கிறது 1991 சட்டம். அதன் உயிரே அங்கேதான் இருக்கிறது. நண்பர் அந்தப் பிரிவின் பக்கமே போகவில்லை.

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் மூச்சுத் திணறி ஓடின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியவர்களின் சுமையை அவர் எந்தத் தராசில் நிறுப்பார்?

இந்தச் சட்டப்படி, விபத்து நடந்தால் கலெக்டரே அறிவிப்புக் கொடுத்து மனு வாங்க வேண்டும். மனு கொடுக்க விபத்து நாளிலிருந்து ஐந்து வருடம் அவகாசம் உண்டு. எண்ணூர்க் கசிவுக்கு அந்தக் கெடு 2028 டிசம்பரில் முடிகிறது. குப்பத்து மக்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கலெக்டர் கூப்பிடுவார் என்று காத்திராமல் மனுவைக் கொடுங்கள்.