ராஜினாமாத் தாளில் கையொப்பமிடாதீர்!

தோட்டம் கைமாறுகிறது, இனிப் பால்மரம் இல்லை என்று நிர்வாகம் அறிவிக்கும் நாளில், தொழிலாளியின் முன்னே ஒரு தாள் நீட்டப்படுகிறது. “சும்மா ஒரு கையெழுத்துதான்” என்பார்கள். அது ராஜினாமாக் கடிதமாயிருந்தால் பெருநஷ்டம்!

2017-ஆம் ஆண்டு வேலை காப்புறுதிச் சட்டப்படி, வேலையிழந்தோரின் குறுகிய காலத் தொழிற்பயிற்சிக்குச் சொக்சோ கட்டணம் செலுத்துகிறது. பயிற்சிப் படியும் உண்டு. 2018 முதல் அதற்கென நம் சம்பளத்தில் 0.2 சதவீதம் பிடிக்கப்படுகிறது. அது நம் பணமுந்தான். ஆனால், தாமே வேலையை விட்டவருக்கு அந்த உரிமை இல்லை. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு உண்டு.

கிராணிமார்களே, அக்கடிதத்தைத் தட்டச்சு செய்பவர்கள் நீங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அதை ஒருமுறை வாசித்துக் காட்டினால் என்ன? ஆட்குறைப்புக் கடிதத்தையே கேட்டு வாங்குங்கள். வேலை போன 60 நாட்களுக்குள் மனு சொக்சோவுக்குப் போய்ச் சேரவேண்டும்.