கண்ணும் காலும் போனால் தறி ஓடுமா?

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிவதே தறிச் சத்தத்தில்தான். குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால், மிதியை மிதிப்பது கால். பட்டு இழையையும் ஜரிகையையும் பிரித்துப் பார்ப்பது கண். நெசவாளிக்கு முதல் என்று இருப்பது இந்த இரண்டும்தான். பாவு போனால் வேறு பாவு கிடைக்கும். கடன் கூட கிடைக்கும். போன கண்ணும் காலும் எந்தக் கடையில் கிடைக்கும்?

அந்த முதலையே கொள்ளை அடிக்கிற திருடன் ஒருவன் ஊருக்குள் நடமாடுகிறான். பெயர் சர்க்கரை வியாதி. கூட்டாளி பெயர் ரத்தக்கொதிப்பு. இவர்கள் பூட்டை உடைத்து வருவதில்லை. சோற்றுத் தட்டு வழியாக வருகிறார்கள்!

சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் போனால் விழித்திரையில் உள்ள சிறு ரத்தக்குழாய்கள் கெடும். பார்வை மங்கும். பாதத்து நரம்பு மரத்துப்போகும். மிதியில் கால் பட்டதா படவில்லையா என்று கூட தெரியாது. ஆணி குத்தினால் தெரியாது. புண் பெரிதாகி, சில பேருக்கு விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டி வரும். ரத்தக்கொதிப்பு இன்னொரு பக்கம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூளையில் அடித்தால் ஒரு பக்கம் கை, கால் விழுந்துவிடும்.

இது பயமுறுத்த சொல்கிற கதை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடி பேருக்கு மேல் சர்க்கரை வியாதி என்றது அந்த கணக்கு. ரத்தக்கொதிப்பு 31 கோடி பேருக்கு மேல். தமிழ்நாட்டில் 100 பெரியவர்களில் 14 பேருக்கு சர்க்கரை!

தட்டில் என்ன இருக்கிறது?

காலையில் இட்லி அல்லது பொங்கல். 11 மணிக்கு சர்க்கரை போட்ட டீ, ஒரு பஜ்ஜி. மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு. சாயங்காலம் மறுபடி டீ, முறுக்கு. ராத்திரி தோசை. பெயர்தான் வேறு வேறு. எல்லாம் மாவுச்சத்துதான், அதிலும் பாதிக்கு மேல் அரிசி! பருப்பு சாம்பாரில் மிதக்கிறது. காய் ஓரமாக ஒரு கரண்டி.

"உழைக்கிறவனுக்கு சோறு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் ஏர் பிடித்து உழுகிறவர் உடம்பு எரிக்கிற அளவுக்கு, ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர் உடம்பு எரிப்பதில்லை. தறிக்காரருக்கு மட்டும் அல்ல, கல்லாவில் இருப்பவருக்கும், ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் இதே கதைதான்.

அரிசியை நிறுத்தி சப்பாத்திக்கு மாறிவிட்டேன் என்று சிலர் பெருமையாக சொல்கிறார்கள். நாலு சப்பாத்தி, அப்புறம் கொஞ்சம் சோறு! இந்தியர் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்தில் இருந்தே வருகிறது என்று 2025-ல் வெளியான ஆய்வு காட்டியது. அரிசியை கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்தைக் குறைத்து பருப்பு, பயறு, பால் வகையைக் கூட்ட வேண்டும் என்பதே அதன் சாரம்.

20 கிலோவும் 1 கிலோவும்

இங்கேதான் கேள்வி எழுகிறது. பருப்பு விற்கிற விலைக்கு, தறிக்கூலி வாங்குகிறவர் எப்படிக் கூட்டுவார்?

இதே காஞ்சீபுரத்தில் 1909-ல் பிறந்தவர் அண்ணா. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று வாக்களித்தார். அன்று ஜனங்கள் வயிறு காய்ந்து கிடந்தது. அரிசிதான் மருந்து. 2011 ஜூன் மாதம் முதல் ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. பசிக்கு எதிரான அந்த சண்டையில் தமிழ்நாடு ஜெயித்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இன்றைய கணக்கைப் பாருங்கள். நாலு பேர் உள்ள கார்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு ஒரே ஒரு கிலோ! நாலு பேருக்கு நாள் ஒன்றுக்கு 33 கிராம். ஆளுக்கு 8 கிராம். அதில் எப்படி தட்டு மாறும்? ஏழையின் தட்டை நிரப்புவது ரேஷன் கடைதான். தட்டு மாற வேண்டுமானால் அங்கேதான் முதலில் மாற வேண்டும். அரிசியைப் பிடுங்க வேண்டாம். பருப்பை இரண்டு கிலோ ஆக்கலாமே!

உப்புக்கும் அதே நியாயம்

உப்பில்லா பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்பே வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜனங்கள் சாப்பிடுவதோ உலக சராசரியில் அதைப்போல் இரண்டு மடங்கு. குழம்பில் போடுவது மட்டும் உப்பு அல்ல. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, சிப்ஸ், பேக்கரி பிஸ்கட் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிறது.

இதற்கு ஒரு வழி நம்ம ஊரிலேயே உண்டு. 2014-ல் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அம்மா உப்பு வந்தபோது, சோடியம் குறைந்த உப்பும் கூடவே வந்தது. அன்றைய விலை கிலோ 21 ரூபாய். சாதா சுத்திகரித்த உப்பு 10 ரூபாய். இரண்டு மடங்கு கொடுத்து யார் வாங்குவார்?

சீனாவில் 600 கிராமங்களில் கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 100-க்கு 14 பங்கு குறைந்தது. 2021-ல் முடிவு வந்தது. அதே மாதிரி உப்பு ரேஷன் கடையில் சாதா உப்பு விலைக்கே கிடைத்தால், சமையலை மாற்றாமலே ஆயிரம் வீடு பிழைக்கும். ஒரு எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த உப்பு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மூட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

மாத்திரை மட்டும் போதுமா?

2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் வாசல் வரை வருகிறவர்கள் ஒரு நிமிஷம் அடுப்படியையும் எட்டிப் பார்த்து, "எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு?" என்று கேட்டால் என்ன? ஒரு கையால் நோயைக் கொடுத்து, மறு கையால் மாத்திரை கொடுப்பது எத்தனை நாளைக்கு?

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சோற்றில் ஒரு கரண்டி குறை, பொரியலில் ஒரு கரண்டி கூட்டு. பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். அது இந்த ஊர் கோவில்களுக்குப் புதிது அல்லவே! வரதராஜ பெருமாள் கோவில் இட்லியின் ருசி உப்பிலா இருக்கிறது? மிளகிலும் சீரகத்திலும் சுக்கிலும் அல்லவா இருக்கிறது! உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் மட்டும் திடீரென்று சோற்றைக் குறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும்.

காஞ்சிப் பட்டு இல்லாமல் தமிழ்நாட்டில் கல்யாணம் இல்லை. அந்தப் பட்டை நெய்கிறவரின் கண்ணையும் காலையும் காப்பாற்ற மாதம் ஒரு கிலோ பருப்பும், ஒரு பாக்கெட் உப்பும் கூடுதலாகக் கொடுத்தால் கஜானா காலியாகிவிடுமா? கோட்டையில் இருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்!