உழவு இயந்திரமும் நியாய விலையும்

எருது வாங்கச் சந்தைக்குச் சென்ற நம் முன்னோர் வெறுங்கண்ணால் பார்த்து விலை பேசியதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்தனர், சுழி பார்த்தனர், நுகத்திற் பூட்டி நடக்கவைத்து நடை பார்த்தனர். கொம்பு சீவி எண்ணெய் பூசிக் கொண்டுவந்த மாட்டை ஐயத்தோடு நோக்கினர். துண்டின் கீழே விரல் பிடிக்குமுன் அம்மாட்டின் குற்றமுங் குணமும் அவர்தம் உள்ளத்திற் கணக்காகி இருந்தன. அவர்களின் பேரர்களாகிய நாமோ, பல சோடி எருதுகளின் விலையை ஒரேயடியாகக் கொடுத்து, புதிதாய்ப் பூசிய சிவப்பு வர்ணத்தின் பளபளப்பைக் கண்டு இரும்பு எருதை வாங்கி வருகிறோம். இது அறிவுடைமையாகுமா?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழருக்கு உழவு இயந்திரத்தோடு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். உறவு உண்டு, அது பழையது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் மத்திய வகுப்பாருக்கும் காணி வழங்க வழி பிறந்தது. எழுதுவினைஞரும் ஆசிரியரும் கொழும்பில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே வன்னியில் வயல் கண்டனர். இன்றும் கிளிநொச்சியில் உழும் தம்பிக்கு வெள்ளவத்தையில் இருக்கும் அண்ணனே பணம் அனுப்புகிறான். வாகனப் பதிவுக்குரிய திணைக்களம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. உதிரிப்பாகக் கடைகள் கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள பஞ்சிகாவத்தையில் நிறைந்திருக்கின்றன. ஆகவே வாங்கும் முடிவு பெரும்பாலும் கொழும்பில் எடுக்கப்படுகிறது. அம்முடிவின் பலனோ வன்னியின் சேற்றிலே தெரிகிறது.

நாம் நேரிற் கண்ட ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும். உறவினர் ஒருவர் கிளிநொச்சியிலிருந்து வந்து, கொழும்புக்கு வெளியேயுள்ள ஒரு விற்பனை முற்றத்துக்கு நம்மையும் துணைக்கு அழைத்துச் சென்றார். வண்டி அழகாகவே இருந்தது. சாவியைத் திருப்பிய உடனே எஞ்சின் முழங்கியது. நாம் மகிழ்ந்தோம், அவரோ மகிழவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அதன் பக்கத்திற் கையை வைத்துப் பார்த்து, "அண்ணை, நாங்கள் வருமுன்னமே இதை ஓடவிட்டுச் சூடாக்கியிருக்கினம். ஆறட்டும், இருந்து பார்ப்பம்" என்றார். இரண்டு மணி நேரம் நிழலிற் காத்திருந்தோம். ஆறிய எஞ்சின் நெடுநேரம் முனகியபின்னரே உயிர் பெற்றது. நீலப் புகை முற்றத்தை நிறைத்தது. வாங்காமல் திரும்பினோம். அன்று மாலையே அவ்வண்டியை வேறொருவர் வாங்கிச் சென்றார் எனப் பின்னர் அறிந்தோம். அவரும் நம்மவரே. அவர் வயலில் அது எத்தனை நாள் உழுதது என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

இவ்விடயம் முன்னெப்போதையும்விட இப்போது பாரதூரமானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தளர்ந்தபோதிலும், ரூபாவின் பழைய மதிப்பு மீளவில்லை. புதிய வண்டி எட்டாத உயரத்துக்குச் சென்றதனால் பழைய வண்டியின் விலையும் அதைத் தொடர்ந்து ஏறியது. விலை ஏறிய சந்தையிற் பழுதும் பொன்விலை பெறும். ஆராயாது வாங்குபவன் முன்பு ஆயிரங்களை இழந்தான். இன்று இலட்சங்களை இழக்கிறான்.

எவ்வாறு ஆராய்வது? முதலாவது, எஞ்சின் ஆறியிருக்கும்போதே தொடக்கிப் பார்க்கவேண்டும். தொடங்கியதும் சிறிது வெண்புகை வருவது இயல்பு. சூடேறிய பின்னும் அது நீடித்தால் டீசல் எரியாமற் போகின்றது, அல்லது எரியறைக்குள் நீர் கசிகின்றது. கரும்புகை காற்று வடிகட்டியின் அடைப்பையோ டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரின் பழுதையோ காட்டும். இது பெரும்பாலும் சிறு செலவு. நீலப் புகை வந்தால் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே குடிக்கிறது என்பது பொருள். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்திருக்கும். இது பெருஞ் செலவு. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை துடித்துத் துடித்து வெளிவந்தால் முன்சொன்ன முடிவு உறுதியாகும். ரேடியேற்றர் நீரில் எண்ணெய் மிதத்தலும், எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருத்தலும் ஒன்றிலொன்று கலந்துவிட்டதன் அடையாளங்கள். ரேடியேற்றர் மூடியை மட்டும் எஞ்சின் ஆறியபின்னரே திறக்கவேண்டும்.

இரண்டாவது, கியர்ப் பெட்டியின் எண்ணெய். நம் நாட்டில் மிகுதியாக ஓடும் மாசி பெர்கியூசன் 35, 135, 240 ஆகிய வண்டிகளில் கியர்ப் பெட்டி, பின் அச்சு, கலப்பையைத் தூக்கும் ஐட்ரோலிக் ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். சேற்று வயலில் உழும்போது உட்புகும் நீர் மூன்றையும் ஒருங்கே கெடுக்கும். எனவே இவ்வெண்ணெய் வெளுத்திருந்தால் எச்சரிக்கை வேண்டும். அண்மையில் மாற்றிய புத்தெண்ணெயாக இருந்தாலும் ஏன் மாற்றினர் என்று கேட்கவேண்டும்.

மூன்றாவது, கிளச். வெட்டவெளியில், எதிரே ஆளில்லாத இடத்தில், உயர்ந்த கியரில் இட்டு, பிறேக்கை அழுத்திக்கொண்டு கிளச்சை மெல்ல விடுக. எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமற் சுழன்றால் தட்டுத் தேய்ந்துவிட்டது. தட்டின் விலை மட்டும் செலவன்று. அதை மாற்ற வண்டியை நடுவே இரண்டாகப் பிரிக்கவேண்டும்; கூலியும் நாளும் சேர்த்தே எண்ணவேண்டும்.

நான்காவது, ஐட்ரோலிக். எண்ணெய் சூடேறியபின் சுழல் கலப்பையைப் பூட்டித் தூக்கவைத்து, எஞ்சினை நிறுத்துக. மெல்ல மெல்ல இறங்குவது வயதின் இயல்பு. நிறுத்திய கணமே விழுந்தால் உள்ளே கசிவு உண்டு. தூக்கிய கலப்பையின் கீழே எவரும் நிற்கலாகாது.

ஐந்தாவது, முன் அச்சும் பிறேக்கும் ரயரும். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை இருகையாலும் ஆட்டிப் பார்த்தால் ஆணிகளின் தேய்வு கையிலே தெரியும். பின் பிறேக்குகளை இடமும் வலமும் தனித்தனியே சோதிக்கவேண்டும். பின் ரயர் இரண்டின் விலையைக் கடையில் விசாரியாமல் எவரும் பேரம் பேசத் தொடங்கலாகாது.

வேலை செய்த நேரத்தைக் காட்டும் கருவியை நம்பவேண்டாம். அதன் கம்பியைக் கழற்றுவது எளிது. மிதிகட்டையின் தேய்வும், பெட்டி பூட்டும் துளையின் வடிவமும் பொய் சொல்வதில்லை. வட்டமாயிருந்த துளை முட்டை வடிவாகியிருந்தால் அவ்வண்டி வயலைவிட வீதியிலேதான் அதிகம் உழைத்தது. மணலும் கல்லும் இழுத்தது என்க.

இனி ஆவணம். எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் இரும்பிலே படித்துப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடவேண்டும். 1990க்குப் பின்னர் வடக்குக்கு எரிபொருளும் பற்றரியும் தடுக்கப்பட்ட ஆண்டுகளில், நம் தொழிலாளர் இரண்டு வண்டிகளின் உறுப்புகளைக் கொண்டு ஒன்றை ஓடவைத்தனர். 2009இல் வன்னி மக்கள் வண்டியையும் ஆவணத்தையும் ஒருங்கே இழந்தனர். ஆகவே இலக்கம் வேறுபடும் வண்டி யாவும் களவு வண்டி என்று நாம் கூறமாட்டோம். ஆனால் அவ்வேறுபாட்டைத் திணைக்களத்தில் ஒழுங்காக்கித் தருவது விற்பவரின் கடமை. இது விலையைக் குறைத்து ஏற்றுக்கொள்ளத்தக்க குறையன்று; தீரும்வரை வாங்காமல் விடத்தக்க குறை.

சான்றிதழில் முழு உரிமையாளர் என ஒரு வங்கியின் அல்லது லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் வரும்வரை பணம் கொடுக்கலாகாது. வெற்றுப் படிவத்திற் கையொப்பம் வாங்கி வைத்துக்கொண்டு உரிமையை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓடும் பழக்கத்தையும் கைவிடவேண்டும். அங்ஙனம் வாங்கியவரின் கையில் இருப்பது வண்டியே, உரிமையன்று.

விலைக்கு வருவோம். விளம்பரத்திற் கேட்கப்படும் விலை விலையாகாது. அயலூரில் அண்மையில் விற்ற மூன்று வண்டிகளுக்குக் கைமாறிய தொகையை விசாரித்து அறிதல் வேண்டும். அதே வகையில் நல்ல நிலையிலுள்ள வண்டியின் விலையை 100 பங்கு என வைப்போம். கணக்கின் முறையைக் காட்டுதற்காகச் சில எண்களைக் கொள்வோம். பின் ரயர்களுக்கு 7, கிளச்சுக்கும் கூலிக்கும் 5, ஐட்ரோலிக்குக்கு 4, பற்றரிக்கும் கம்பிகளுக்கும் 2, ஆக 18. எஞ்சியது 82. கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கென 5 பங்கை ஒதுக்கினால் 77. விற்பவர் 90 கேட்டால், இடையிலுள்ள 13 பங்குக்கு அவர் காரணம் சொல்லவேண்டும். சொல்ல இயலாவிடின் எழுந்து வரவேண்டியதே. ஒவ்வொரு எண்ணுக்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு விலைச்சீட்டுப் பெறலாம். அது பேரத்தில் ஆயிரம் சொற்களிலும் வலிது. பேரம் பேசும் காலமும் முக்கியம். காலபோக மழை இடிக்கும்போது அவசரத்தில் வாங்குபவன் அந்த அவசரத்துக்கும் விலை கொடுக்கிறான்.

நியாய விலை என்பது வாங்குபவனுக்கு மட்டும் நியாயமானதன்று. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்த அரசின் முடிவினால் காலபோகம் பொய்த்து, கடன் கட்ட இயலாது தவித்த உழவர் பலர். அத்தகையவர் தம் நல்ல வண்டியை விற்க வரும்போது அவர் துன்பத்தைக் கணக்கிட்டுப் பாதி விலை பேசுவது வாணிகமாகலாம்; நியாயமாகாது. குறையை மறைக்காமற் சொல்லும் விற்பனையாளருக்கு உரிய விலையைக் கொடுப்பது நம் கடன்.

சட்டம் காக்கும் என்று எண்ணியிருப்போருக்கு ஒரு சொல். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்தது. வாங்குவோன் பொருளைப் பார்வையிட்டிருந்தால், அப்பார்வையிற் தெரிந்திருக்கவேண்டிய குறைக்கு அவன் பின்னர் முறையிடுதல் அரிது. ஆதலால் வாய்ச்சொல்லை விட்டு எழுத்தைப் பெறுக. இன்ன உறுப்பு நன்று, இன்ன உறுப்புப் பழுது என்று விற்பவர் கையொப்பமிட்ட ஒரு தாள் இருந்தால் அது உறுதிமொழியாகும், வழக்குக்கும் உதவும்.

தனி மனிதரின் எச்சரிக்கை மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்னும் உழவர் விளம்பரத்தை நம்பி உழவு இயந்திரம் வாங்கி ஏமாந்தார். அவர் அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. சட்டசபை உறுப்பினராகி, 1919இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். அம்மாநிலத்தில் விற்கப்படும் உழவு இயந்திர வகை ஒவ்வொன்றும் பல்கலைக்கழகத்திற் சோதிக்கப்படவேண்டும். விற்பவர் உதிரிப்பாகக் களஞ்சியமும் மாநிலத்துக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும் என அது விதித்தது. 1920இல் தொடங்கிய அச்சோதனை உலகெங்கும் மதிக்கப்பட்டது. ஏமாந்த ஒருவனின் சினம் உழவர் அனைவருக்கும் அரணாயிற்று.

நாம் கேட்பது அதனிலும் எளியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. 2016 முதல் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இயங்குகிறது. அறிவும் கருவியும் உள்ள அவ்விடத்தில், நியாயமான கட்டணத்துக்குப் பழைய உழவு இயந்திரத்தைச் சோதித்து எழுத்திற் சான்று தரும் ஒரு மேடை அமைய வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் கைமாறிய விலைகளுக்கு ஒரு பதிவேடு வைக்கவேண்டும். லீசிங் ஒப்பந்தம் உழவன் வாசிக்கும் மொழியில் இருக்கவேண்டும். அரசோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதிவைத்திருக்கிறது. தன் வயலையே ஈடாக்கும் தாளைத் தன் மொழியிற் படித்துக் கையொப்பமிடும் வாய்ப்பு உழவனுக்கு மட்டும் இல்லாமற் போவது எந்த நீதி?

இவை வரும்வரை கொழும்புத் தமிழர் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. வெள்ளவத்தையில் பொறியியலாளர் உளர், சட்டத்தரணிகள் உளர், கணக்காளர் உளர். ஊரிலிருந்து வரும் உழவனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று, ஒருவர் எஞ்சினைக் கேட்கலாம். ஒருவர் ஒப்பந்தத்தைப் படிக்கலாம். ஒருவர் கணக்கைப் போடலாம். பணம் அனுப்புவதோடு கடமை முடிந்ததென எண்ணும் அண்ணன்மார் இதைச் சிந்திப்பார்களாக. மழை பெய்து நிலம் ஈரமாகி அயலவரெல்லாம் உழும் வேளையில், வரம்போரத்தில் நின்றுவிட்ட வண்டியின் பக்கத்தில் தம்பி தனியே நிற்பான். அன்று கொழும்பிலிருந்து எவ்வளவு பணம் அனுப்பினாலும் போன பருவம் திரும்பாது.