ரத்தான விமானமும் முஸாஃபிரின் உரிமையும்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. விமானிகளின் பணி நேரம், ஓய்வு ஆகியவை பற்றிய புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கேற்ற எண்ணிக்கையில் விமானிகளை நிறுவனம் ஆயத்தமாக வைத்திருக்கவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கவில்லை. இறுதியில் அரசு தலையிட்டு, கட்டணங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. நிலுவையில் இருந்த பயணச்சீட்டுப் பணத்தை டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் திருப்பித் தருமாறு ஆணையிட்டது.

இது பெருநகரத்தாரின் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் புறப்படும் ஒருவர், திருச்சிக்கோ சென்னைக்கோ பல மணி நேரம் பயணம் செய்தால்தான் விமானத்தையே காண முடியும். சென்னைவாசிக்கு விமானம் ரத்தானால் ஆட்டோ பிடித்து வீடு திரும்பலாம். நம் ஊர்க்காரருக்கோ வாடகைக் காருக்குக் கொடுத்த பணம் வீண். வழியனுப்ப வந்தவர்களின் ஒருநாள் வேலையும் வீண். விசாவின் கெடுவோ, பணியில் சேர வேண்டிய தேதியோ நெருங்கியிருந்தால் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும்.

இத்தகைய வேளையில் நம்மவர்களிடம் இருவகைப் போக்குகளைக் காண்கிறோம். ஒரு சாரார், "நஸீபு இவ்வளவுதான்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். மற்றொரு சாரார், கவுன்டரில் நிற்கும் இளம் ஊழியரைப் பிடித்து வசைபாடுகின்றனர். முன்னதைப் பொறுமை என்கிறோம். பின்னதை உரிமைக்குரல் என்கிறோம். இரண்டு பெயர்களும் பொருந்தா.

ஸப்ரு என்பது உரிமையைக் கைவிடுவதன்று. அதைக் கேட்கும்போது நிதானம் தவறாதிருப்பதாகும். கொடுத்த கடனைக் கடுமையான சொற்களால் கேட்ட ஒருவரைத் தோழர்கள் தண்டிக்க முனைந்தபோது, உரிமையுள்ளவருக்குப் பேசும் இடம் உண்டு எனக் கூறி நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியில் உள்ளது. பயணச்சீட்டும் ஓர் ஒப்பந்தமே. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஒப்பந்தத்தைப் பேணும் கடமை நமக்கு உண்டு என்றால், அதைப் பேணும்படி மறுதரப்பிடம் கேட்பதில் ஈமானுக்கு என்ன குறை வந்துவிடும்?

அந்த உரிமைகள்தாம் யாவை? இந்திய விமான நிறுவனங்களுக்குச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதி வகுத்திருக்கிறது. விமானம் ரத்தானால் மாற்று விமானமா, முழுப் பணமா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் பயணியே. உரிய முன்னறிவிப்பு இல்லையெனில், பறக்கும் நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500, ரூ.10,000 என்ற வரம்புகளுக்குள் இழப்பீடும் உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைவானால் அத்தொகையே கிடைக்கும். புயல், கலவரம் போன்று நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களாயின் இழப்பீடு இல்லை; ஆயினும் சீட்டுப் பணம் நமக்குரியதே. மாற்று விமானத்துக்காக நிலையத்தில் காத்திருப்போருக்கு உணவும் சிற்றுண்டியும் அளிக்க வேண்டும். கவுன்டரில் தரப்படும் அந்த உணவுப் பொட்டலம் தர்மம் அன்று. கூச்சமின்றிக் கேட்டுப் பெறலாம்.

ஊர்ப்புறத்தார் தவறவிடும் ஒரு செய்தி இங்கே முக்கியமானது. நம்மில் பலர் டிராவல்ஸ் கடையில் சீட்டு எடுக்கிறோம். அங்கே பல வேளைகளில் கடைக்காரரின் கைப்பேசி எண்ணே பதிவாகிறது. ரத்து பற்றிய செய்தி அவருக்குப் போகிறது. பயணியோ விவரம் அறியாமல் விமான நிலையம் சென்று நிற்கிறார். தொடர்பு விவரத்தைச் சரியாகத் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்றும் அதே விதி கூறுகிறது. ஆகவே, சீட்டைக் கையில் வாங்கும்போதே நம் எண் அதில் பதிவாகியுள்ளதா என்று பார்ப்பது அவசியம். முகவர் மூலம் எடுத்த சீட்டாயினும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு. நிறுவனம் செவிசாய்க்காவிடில் அரசின் ஏர்சேவா தளத்தில் முறையிடலாம். அதற்கு அப்பால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

சலுகை வேறு, உரிமை வேறு. அந்த டிசம்பரில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு ரூ.10,000 மதிப்புள்ள கூப்பன்களை இண்டிகோ அறிவித்தது. 12 மாதங்களுக்குள் அந்நிறுவனத்தின் விமானத்திலேயே அதைப் பயன்படுத்த வேண்டும். மாதந்தோறும் பறக்கும் வணிகருக்கு அது நன்மை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வரும் தொழிலாளிக்கோ அது வெறும் தாள். விதிப்படியான இழப்பீட்டுக்கு மேலாகத் தரப்படும் கூப்பனை வாங்கிக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் திருப்பித் தர வேண்டிய பணத்துக்கு ஈடாக எந்த நிறுவனமாவது கூப்பன் நீட்டினால், அதை மறுத்துப் பணமாகக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

கிரெடிட் கார்டு வழியே கிடைக்கும் ஓய்வறை வசதியும் இவ்வாறே. அதற்காகத் தேவையற்ற செலவு செய்து, தவணை தவறி, வட்டியில் சிக்குவோர் ஒரு வேளை உணவுக்காக ரிபாவின் வாசலில் நிற்கின்றனர். இழப்பீடு கேட்கும்போதும் பொய் ரசீது காட்டலாகாது. நம் உரிமை ஹலாலானது. அதனுடன் பொய்யைக் கலந்தால் அந்தப் பணம் ஹலாலாக இராது.

எந்த நிறுவனமும் ரத்து செய்ய இயலாத சலுகைகளும் ஒரு முஸாஃபிருக்கு உண்டு. திருச்சி, சென்னை ஆகிய இரண்டுமே நம் ஊரிலிருந்து கஸ்ருக்குரிய தொலைவைத் தாண்டியவை. ஆகவே விமான நிலையத்தில் காத்திருப்பவர் நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் அந்தந்த நேரத்தில் தொழுவர். நாளையா மறுநாளா எனத் தெரியாமல் காத்திருப்பவருக்கும் அவரவர் மத்ஹபின் வரம்புக்குட்பட்டுக் கஸ்ரு தொடர்கிறது. ரமளானாயின் நோன்பைப் பின்னர் நிறைவேற்றவும் அனுமதி உண்டு. பயணம் கைவிடப்பட்டு வீடு திரும்பினால், ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் தொழுகை முழுமையாகிவிடும்.

கஸ்ரை அல்லாஹ்வின் தர்மம் எனக் குறிப்பிட்டு, அதை ஏற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை முஸ்லிம் நூல் பதிவு செய்கிறது. இறைவன் தந்த சலுகையை நன்றியுடன் ஏற்போம். மனிதர் தர வேண்டிய உரிமையை நிதானத்துடன் கேட்டுப் பெறுவோம். பணம் வந்து சேரவில்லையெனில் சோர்ந்துவிடாமல் மீண்டும் எழுதிக் கேட்போம். நமக்குப் பின்னால் அதே வரிசையில் நிற்கும், எழுதத் தெரியாத சகோதரருக்கும் அந்த மனுவை எழுதிக் கொடுப்போம்.