அடுக்களையில் ஓர் ஆயுதசாலை

காரட் துருவும்போது கை விரலையும் சேர்த்துத் துருவிக் கொள்ளாதவர் யார்? "ஸ்ஸ்!" என்று விரலை வாயில் வைத்துக் கொள்கிறோம். இரண்டு நிமிஷத்தில் மறந்தும் விடுகிறோம். அந்தத் துருவியே ஆள் உயரம் வளர்ந்து கூடத்தில் வந்து நின்றால்?

நிறுத்தியே விட்டார் ஒரு பெண்மணி! பெயர் மோனா ஹாட்டூம். 2002-ல் அவர் செய்த துருவியின் உயரம் இரண்டு மீட்டருக்கு மேல். உடை மாற்ற மறைப்பாக வைப்போமே, மடிப்புத் தட்டி, அதைப் போல நிற்கிறது. ஆனால் அதில் மறைவும் இல்லை, எல்லாம் துளை. சாயலாம் என்றால் தோல் உரிந்து போகும்!

சித்திரமும் அல்ல, சிலையும் அல்ல இந்தக் கலை. பொருள்களை ஓர் இடத்தில் அமைத்து, நம்மை அதன் எதிரே நிறுத்தி விடுவது. 1999-ல் 'வீடு' என்று ஒன்று அமைத்தார். நீண்ட மேஜை, அதன் மேல் துருவி, வடிதட்டு முதலான உலோகச் சாமான்கள். அத்தனையையும் மின்சாரக் கம்பி பிணைத்திருக்கிறது. உள்ளே ஒளித்து வைத்த பல்புகள் மங்கி மங்கி எரிகின்றன. மின்சாரத்தின் ரீங்காரம் ஒலிபெருக்கியில் கேட்கிறது. நமக்கும் மேஜைக்கும் நடுவே கம்பி வேலி!

ஏன் இந்தப் பயங்கரம்? 1952-ல் பெய்ரூட்டில், பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1975-ல் லண்டனுக்குச் சும்மா போயிருந்தபோது லெபனானில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. திரும்ப வழியில்லை. அங்கேயே தங்கிக் கலை பயின்றார். யுத்தம் ஓய்ந்ததோ 1990-ல்! வீடு என்றால் பத்திரமான இடம் என்று அவரிடம் யார் சொல்ல முடியும்?

இன்னொன்று, சக்கரம் வைத்த மேஜை மேல் வண்ண வண்ணப் பளிங்கு உருண்டைகள். மிட்டாய் என்று கை நீட்டத் தோன்றும். உற்றுப் பார்த்தால், கைக்குண்டுகள்! பிரெஞ்சு மொழியில் மாதுளம்பழத்துக்கும் கைக்குண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சிலேடையையே தலைப்பில் வைத்து விட்டார்.

நாமும் பத்திரத்துக்காகப் பூட்டு மேல் பூட்டுப் போடுகிறோம். மதில் மேல் கண்ணாடிச் சில் பதிக்கிறோம். எல்லாம் வெளியிலிருந்து வருகிறவனுக்காக! வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே பேச்சை நிறுத்திக் கொள்ளும் வீடுகளும் உண்டு. அங்கே வேலி எந்தப் பக்கம் போட்டிருக்கிறது?

சொல்லுங்கள், பார்ப்போம்!