பட்டியலில் பெயர் வராதவனுக்கு யார் பதில் சொல்வது?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் உதைபந்தாட்டத்தின்மீது மக்கள் கொண்டிருக்கும் மோகத்தைப் பற்றி எவருக்கும் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏகாம்பரம் மைதானத்திலோ மக்கெய்சர் அரங்கிலோ கிண்ணியா எழிலரங்கிலோ பந்து உருளத் தொடங்கிவிட்டால், கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவரும், கடலுக்குப் போக இன்னும் நேரமிருக்கிறதென்று வந்தவரும், கோட்டோரம் நின்று நடுவருக்குப் புத்தி சொல்வது இங்கே சகஜமான காட்சி. அத்தகைய மாவட்டத்திலே அணிக்கு ஆள் தெரிவு செய்யும் அதிகாரம் சாமானியமான அதிகாரமன்று. தெரிவு நடக்கிறதென்று அறிவித்தல் வந்தால் மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் பையன்கள் முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாப் பிள்ளைகள் படகுப் பாதைக்குக் காத்துநின்றே பட்டினம் வந்தார்கள். நாள் முழுதும் வெயிலில் ஓடியபின் ஒரு தாள் ஒட்டப்படுகிறது, இக்காலத்திலெனில் ஒரு வட்ஸ்அப் செய்தி வருகிறது. பெயர் இல்லாதவன் ஏனென்று கேட்டால், "அடுத்த வருஷம் பாப்பம் தம்பி" என்பதற்குமேல் விடை கிடைப்பது அபூர்வம்.

அப்படிச் சொல்லும் பயிற்றுவிப்பாளர் பட்சபாதமுள்ளவர் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவர் நியாயவானாகவே இருப்பார். ஆயினும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில், காரணம் சொல்லப்படாத இடத்தைச் சந்தேகம் வந்து பிடித்துக்கொள்ளும்; இனத்தைச் சொல்வார்கள், பாடசாலையைச் சொல்வார்கள், கழகத்தைச் சொல்வார்கள்; ஈற்றில் நேர்மையான மனிதரின் பெயரே கெட்டுப்போகும். ஆதலால் காரணம் கூறும் கடமையானது ஆட்டக்காரனுக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு பயிற்றுவிப்பாளருக்கும் அவசியம்.

நமது நாட்டின் 1973ஆம் ஆண்டு 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ், தேசிய அணியின் பட்டியல் விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரம் பெற்றே வெளிச்செல்ல வேண்டும். பட்டியல் மேலே ஏறிச் செல்வதற்கு இவ்வளவு செவ்வையாக வழி வகுத்திருக்கிறோம். பெயர் நீங்கியவனிடம் காரணம் இறங்கி வரும் வழியோ, மாவட்டத்திலும் மாகாணத்திலும், நடைமுறையில் தூர்ந்து கிடக்கிறது.

காரணம் கூற வேண்டாத தெரிவு எங்கெங்கோ அலையும் என்பதற்கு இந்தியாவிலே ஒரு விசித்திரமான திருஷ்டாந்தம் உண்டு. இகோர் ஸ்டிமாச் என்னும் குரோஷியர் இந்திய உதைபந்தாட்ட அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்த காலத்தில், 2022 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் ஆப்கானிஸ்தானுடன் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் நடைபெற இரண்டு நாள் இருக்கையில், களமிறக்க எண்ணியிருந்த பதினொருவரின் பெயர்களைச் சோதிடர் ஒருவருக்கு அனுப்பி அவரவர் கிரகநிலையைக் கேட்டறிந்தார் எனவும், அன்றைக்கு உகந்தவரல்லர் என்று குறிக்கப்பட்ட இருவர் ஆரம்ப அணியில் இடம்பெறவில்லை எனவும் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளேடு 2023 செப்டெம்பரில் எழுதியது. நாள் பார்த்து வள்ளம் இறக்கும் எமது கரையோரத்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு முழு அருகதை உடையவர்கள் அல்லர்தான். என்றாலும் வள்ளத்துக்கு நட்சத்திரம் சரியில்லையென்று எவனுடைய ஜீவனமும் பறிபோவதில்லை. இந்தியா அன்று 2-1 என வென்றபடியால் எவரும் எதையும் கேட்கவில்லை. 2024 ஜூனில் ஸ்டிமாச் பதவிநீக்கப்பட்டபோது ஒப்பந்தம் இருந்தது, வழக்குரைஞர் இருந்தனர், முடிவில் நான்கு இலட்சம் டொலர் ஈடும் கிடைத்தது. கிரகத்தால் வெளியே நின்ற ஆட்டக்காரனுக்கு எந்த ஒப்பந்தமும் அப்படியொரு பரிகாரம் வைத்திருக்கவில்லை.

"வென்று தந்தால் போதாதா?" என்பார் உண்டு. மைதானத்து மதிலில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் வாயில் அடிக்கடி வரும் இவ்வாதத்துக்கு ஸ்பெயின் மகளிர் அணியின் கதையைப் போலத் தெளிவான மறுமொழி வேறில்லை. 2022 செப்டெம்பரில் பதினைந்து வீராங்கனைகள் தமது மனநலமும் உடல்நலமும் பாதிக்கப்படுவதாகச் சம்மேளனத்துக்குத் தனித்தனியே, ஆனால் ஒரே வாசகத்தில், மின்னஞ்சல் அனுப்பி, நிலைமை மாறும்வரை தம்மை அழைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டனர். சம்மேளனமோ விசாரணை வைப்பதை விடுத்து, பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டாலன்றி அவர்கள் திரும்ப முடியாதென்று அறிவித்து, பயிற்றுவிப்பாளர் ஹோர்கே வில்டாவின் பக்கம் நின்றது. பதினைவரில் மூவரே அடுத்த வருஷம் உலகக் கிண்ணத்துக்குப் போனார்கள். 2023 ஓகஸ்ட் 20ஆம் திகதி சிட்னியில் இங்கிலாந்தை 1-0 என வென்று ஸ்பெயின் உலக சாம்பியனாயிற்று. பதினாறு நாள் கழித்து, சம்மேளனத் தலைவர் வீராங்கனை ஒருவரை முத்தமிட்ட விவகாரத்தால் எழுந்த கொந்தளிப்பினிடையே, வில்டா பதவி நீக்கப்பட்டார். கிண்ணம் கையில் இருந்தும் முறைப்பாடு அழியவில்லை. அத்துடன், வெளியே நின்ற பன்னிருவர் இழந்த உலகக் கிண்ணத்தை இனி எந்த விசாரணையும் அவர்களுக்குத் தரப்போவதில்லை.

மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 2010இல் தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் பிரெஞ்சு வீரர்கள், பயிற்றுவிப்பாளரை ஏசிய சக வீரர் அனெல்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டதற்காகப் பயிற்சிக்குப் போக மறுத்து பஸ்ஸுக்குள்ளேயே அமர்ந்துகொள்ள, உடற்பயிற்சி ஆசிரியர் ஆத்திரத்தில் தம் நிறுத்தற் கடிகாரத்தை வீசியெறிய, வீரர்களின் அறிக்கையைப் பயிற்றுவிப்பாளர் டொமெனெக்கே பத்திரிகையாளருக்கு வாசித்த அவலத்தை உலகம் பார்த்தது. ஒழுக்கம் குலைந்தவனை வெளியேற்றும் உரிமை பயிற்றுவிப்பாளருக்கு வேண்டியதே. ஆனால் அங்கே அனெல்காவுக்குப் பதினெட்டு ஆட்டத் தடை விதித்தது பயிற்றுவிப்பாளர் அல்லர், ஒழுக்காற்றுக் குழு. டொமெனெக்கும் அதே வருஷம் பதவியிழந்தார்.

எமது மாவட்டத்தில் பயிற்றுவிப்பாளர்களிற் பலர் பாடசாலை விட்டபின் சம்பளமின்றி மைதானத்துக்கு வரும் ஆசிரியர்கள். பெட்ரோலும் தம் கைக்காசு, சில வேளை பந்தும் தம் கைக்காசு. அவர்களிடம் கணக்குக் கேட்பது நன்றிகேடு என்று ஓர் ஆட்சேபம் உண்டு; அதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். எனினும் கேட்கப்படுவது பெரிதன்று. பட்டியலை ஒட்டுமுன் பெயர் வராதவனைத் தனியே கூப்பிட்டு, பந்தை நிறுத்துவதில் தாமதம், இடது கால் பழகவில்லை, திரும்பி ஓடிவந்து தடுப்பதில்லை என இரண்டு வாக்கியம் சொல்லி, அதையே ஒரு கொப்பியில் எழுதிவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். அதன் மேலும் மனக்குறை உள்ளவன் முறையிட, பயிற்றுவிப்பாளரின் கழகத்தையோ பாடசாலையையோ சேராத ஒருவர் இருக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கு முன் மாவட்ட உதைபந்தாட்ட லீக்கின் பொதுக்கூட்டத்தில் இவ்விரண்டையும் பிரேரணையாகக் கொண்டுவரத் துணியும் கழகச் செயலாளர் எவரேனும் இருப்பின், வழிமொழிவதற்கு மூதூரிலும் குச்சவெளியிலும் ஆளுக்குப் பஞ்சம் இராது.